அம்மா பார்த்த கொழும்பு

786

புறக்கோட்டை, கொழும்பு
18-1-1937

பிரியமுள்ள மகன் அப்துல் சலாமுக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் உன் தங்கை சுராயாவும் மாப்பிள்ளை அப்துல் மாலிக்கும் நல்ல சுகம். நீயும் கமர் ஜஹானும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்.

திருச்சி ஜங்ஷனில் என்னை ரயிலேற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாயே, அந்த முகத்தையே நினைத்துக்கொண்டு தனுஷ்கோடி வரை வந்தேன். அதற்குப் பிறகு நினைக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதே. கப்பல் கிளம்பியதும் எல்லாமே மறந்துபோயிற்று. துணைக்கு வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா தலை சுற்றுகிறது என்று கீழே போய்ப் படுத்துவிட்டார். கூட வந்த பெண்டுகளும் படுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. துப்பட்டி காற்றில் பறந்து முகத்தில் அடிக்க அடிக்க, கரை வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.

சுராயாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. மற்றபடி தைரியமாக இருக்கிறாள். வீடு மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒரு பள்ளிவாசல்.

தம்பி, அதை உனக்கு எப்படிச் சொல்வது? நம் பக்கத்தில் பள்ளிவாசல் என்றால் சுண்ணாம்பு வெள்ளை, மிஞ்சினால் பச்சை. இது சிவப்பு. சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக, அடியிலிருந்து உச்சி வரை. ஓரிடத்தில் குறுக்குக் கோடு, ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி ஏறுகிற கோடு, ஓரிடத்தில் கட்டம். நம் கடையில் கோடு போட்ட கைலியும் கட்டம் போட்ட கைலியும் கலைந்து கிடக்கும் இல்லையா, அதை ஒருவன் அள்ளி மேலே தூக்கி நிறுத்தியது போல இருக்கிறது. உச்சியில் கும்மட்டங்கள். இங்குள்ளவர்கள் மாதுளம்பழம் என்கிறார்கள். எனக்கு முழுப் பூண்டு மாதிரித்தான் தெரிகிறது. அதைச் சொன்னதும், "அம்மா, மெதுவாப் பேசுங்க, கீழ ஆளுங்க போறாங்க" என்று சுராயா என் வாயைப் பொத்தினாள்.

முதல் நாள் அதைப் பார்க்கக் கண் கூசியது. இது என்ன கூத்து என்று நினைத்தேன். இப்போது எழுந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத்தான் திறக்கிறேன்.

தூக்கம் சரியாக வரவில்லை. டிராம் சத்தம், துறைமுகத்தில் கப்பல் ஊதுகிற சத்தம். ஒவ்வொரு தடவை ஊதும்போதும் யாரோ என்னைக் கூப்பிட்டது போல எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். 

பிள்ளை பிறந்து நாற்பது கழிந்ததும் வந்துவிடுவேன். ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைக்கச் சொல்லு.

உன் அம்மா,
வஹீதா பீவி

---

786

பெரிய கடை வீதி, திருச்சி
25-1-1937

அன்பும் மரியாதையும் நிறைந்த அம்மாவுக்கு, மகன் சலாமின் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததைப் படித்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. பள்ளிவாசலைப் பற்றி எழுதியிருந்ததைக் கமர் ஜஹானுக்குப் படித்துக் காட்டினேன். மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னாள். "பூண்டு" என்ற இடத்தில் சிரித்தவள் அடுப்படிக்குப் போய்த் தனியாகவும் சிரித்தாள்.

ஒரு குறை சொல்லட்டுமா? அவ்வளவு பெரிய கடிதத்தில் சுராயாவின் கால் வீக்கத்துக்கு ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். டாக்டரம்மா பார்த்தாரா, என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

கடையில் கல்யாண வியாபாரம் நடக்கிறது. ஜீயபுரத்து ரங்கசாமி மகளுக்கு நிச்சயம் செய்திருக்கிறார். குடும்பத்தோடு வந்து பகல் பூராவும் உட்கார்ந்து புடவை எடுத்தார்கள். "அம்மா சவுகரியமா? ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொன்னாங்களே" என்று விசாரித்தார். உங்கள் அறையை யாருக்கும் திறந்துவிடாமல் பூட்டிச் சாவியை நானே வைத்திருக்கிறேன். நீங்கள் வைத்தது வைத்தபடி இருக்கும்.

அன்னிய ஊர். தனியாக வெளியே போகவேண்டாம்.

பணிவுள்ள மகன்,
அப்துல் சலாம்

---

786

கொழும்பு
10-2-1937

பிரியமுள்ள மகனுக்கு,

நீ மாமன் ஆகிவிட்டாய். தந்தி கிடைத்திருக்கும். பிள்ளை சிவப்பாக, தலை நிறைய முடியோடு இருக்கிறான். அழுதால் தெருவே திரும்பிப் பார்க்கிறது. சுராயா தேறிவிட்டாள். கால் வீக்கமும் வற்றிவிட்டது. டாக்டரம்மா இரண்டு தடவை வந்து பார்த்தார். இப்போது குறை சொல்லாதே.

வலி எடுத்த அன்று மாப்பிள்ளை கடையில் இல்லை. சரக்கு இறக்கப் போயிருந்தார். கீழ்வீட்டுப் பெண் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்ல, அவர் தன் மோட்டாரை அனுப்பி டாக்டரம்மாவை அழைத்து வரச் செய்தார். பரக்கத் அலி என்று பெயர். நம் பாலக்கரை ஆள்தான். சின்ன வயதில் இங்கே வந்தவர். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கொடுக்கிற வியாபாரம். சம்சாரம் தவறிப் பல வருஷம் ஆகிறதாம். ஒரே மகளைக் காலி என்கிற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

பிள்ளைக்கு ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தோம். அன்று சாயந்தரம் அதே மோட்டாரில் என்னையும் கீழ்வீட்டுப் பெண்ணையும் மாப்பிள்ளை கோட்டைப் பக்கம் அழைத்துப் போனார். பரக்கத் அலியும் முன் சீட்டில் வந்தார். நாங்கள் பின்னால், திரை போட்டுத்தான் உட்கார்ந்திருந்தோம்.

அங்கே நடு ரோட்டில் ஒரு கோபுரம். நாலு பக்கமும் கடிகாரம், உச்சியில் கடலுக்கு வெளிச்சம் காட்டுகிற விளக்கு. இங்கே வெளிச்சவீடு என்கிறார்கள். கடலோரத்தில் இருக்கவேண்டியது தெருவுக்கு நடுவில் வந்து நிற்கிறது. மோட்டாரும் ரிக்‌ஷாவும் அதைச் சுற்றிக்கொண்டு போகின்றன.

"இதுக்குப் படம் போட்டுக் கொடுத்தது யாரு தெரியுங்களா? அந்தக் காலத்துக் கவர்னர் துரையோட சம்சாரம்" என்றார் பரக்கத் அலி.

திரைக்குப் பின்னாலிருந்து என்னையறியாமல் கேட்டுவிட்டேன். "பொம்பளையா?"

"பொம்பளைதாங்க. துரைசானி."

அந்த மனிதர் சொல்வதில் பாதி பொய். சிவப்புப் பள்ளிவாசலைப் பற்றி மட்டும் மூன்று கதை சொல்லியிருக்கிறார், ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் கேட்டால், "அது நெசந்தான் மாமி" என்கிறார்.

அன்றிலிருந்து மனசு அதிலேயே நிற்கிறது. ஒரு பெண் உட்கார்ந்து காகிதத்தில் கோடு போட்டிருக்கிறாள், ஆண்கள் கல் சுமந்து அதைக் கட்டியிருக்கிறார்கள். கப்பல்கள் அதைப் பார்த்து வழி தெரிந்துகொள்கின்றன.

அம்மா,
வஹீதா

---

786

திருச்சி
26-2-1937

அன்புள்ள அம்மாவுக்கு,

பக்ரீத் வந்து போய்விட்டது. நீங்கள் இல்லாத முதல் பெருநாள். குர்பானிக் கறியைப் பங்கு போட்டுக் கொடுக்கக் கமர் ஜஹானுக்கு முறை தெரியவில்லை. யாருக்கு எவ்வளவு, யார் வீட்டுக்கு முதலில் என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வீட்டில் மனத்தாங்கல். அத்தா மவுத்தாகிப் போன வருஷம்கூட நீங்கள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சரியாகச் செய்தீர்கள்.

மருமகனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கமர் ஜஹான் சின்னச் சட்டைகள் தைத்து வைத்திருக்கிறாள். எங்களுக்கு அந்த பாக்கியம் எப்போது என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். சட்டை தைக்கும்போது அவள் பேசுவதில்லை. நீங்கள் இருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும்.

நேற்று ஸ்ரீரங்கத்துக்குச் சரக்கு கொண்டுபோனேன். பாலத்தில் வண்டி போகும்போது, கப்பலில் நின்றுகொண்டே வந்ததாக நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது. காவிரியில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடுகிறது.

மார்ச் இரண்டாம் வாரத்தில் நாற்பது முடிகிறது. எந்த நாளில் கிளம்புகிறீர்கள் என்று எழுதினால் தனுஷ்கோடிக்கே நான் வந்து நின்று அழைத்துக்கொள்வேன்.

மகன்,
சலாம்

---

786

கொழும்பு
15-3-1937

பிரியமுள்ள மகனுக்கு,

நாற்பது கழிந்து சுராயாவுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தாயிற்று. பிள்ளைக்குக் கொஞ்சம் சளி. அது தேறட்டும், பிறகு நாள் சொல்கிறேன்.

சனிக்கிழமை காலிமுகத்திடலுக்குப் போனோம். கடலுக்கு முன்னால் பெரிய புல்வெளி, ஊரே காற்று வாங்க வந்து நிற்கிறது. அதன் ஒரு முனையில் சட்டசபைக் கட்டிடம், கடலைப் பார்த்தபடி. முகப்பு முழுக்கத் தூண்கள். கிட்டப் போனால் ஒரு தூணைக் கட்டிப்பிடிக்க இரண்டு ஆள் வேண்டும் போலிருக்கிறது. கட்டி ஏழெட்டு வருஷந்தான் ஆகிறது என்றார் பரக்கத் அலி. அவர் சொல்லுக்கு மாப்பிள்ளையைப் பார்த்தேன், ஆமாம் என்று தலையாட்டினார். இந்தச் சபைக்குப் போன வருஷம் கீழ்வீட்டுப் பெண் ஓட்டுப் போட்டாளாம். படிக்கத் தெரியாதவள். இங்கே பெண்கள் எல்லோருக்கும் ஓட்டு. "யாருக்குப் போட்டே?" என்றேன். "அதெல்லாம் வீட்டுக்காரருக்கே சொல்லல, உங்களுக்குச் சொல்லுவேனா?" என்கிறாள்.

வரும்போது துறைமுக வாசலில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். கப்பலிலிருந்து இறங்குகிற ஜெட்டிக்கு எதிரே வெள்ளைக்காரர்களுடைய ஓட்டல், நீளமாக, வரிசை வரிசையாக ஜன்னல். கப்பலில் வந்து இறங்குகிறவன் முதலில் அதைத்தான் பார்ப்பானாம். அங்கே ஒரு துரையின் குரங்கு ஜன்னல் வழியாக இறங்கி, கவர்னரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓடிய கதையைப் பரக்கத் அலி சொன்னார். பொய்தான். ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். மறுநாள் அவர் கடலுக்குள் கட்டியிருக்கிற பெரிய சுவரைக் காட்டினார். அலை வந்து அதில் மோதி ஆள் உயரத்துக்கு மேலே எழும்புகிறது. உள்ளே கப்பல்கள் ஆடாமல் நிற்கின்றன. அந்தச் சுவரின் நுனி வரை நடந்து போகலாமா என்று கேட்டேன். பரக்கத் அலி, "போலாங்க, செருப்பை மட்டும் கையில எடுத்துக்கணும்" என்றார்.

சலாம், நம் வீட்டுக்கு மேலேயே மலைக்கோட்டை நிற்கிறது. நான் அதில் ஏறிப் பார்த்ததில்லை. ஸ்ரீரங்கத்து மொட்டைக் கோபுரத்தை ஆற்றுக்கு இந்தக் கரையிலிருந்து பார்த்தே வயதாகிவிட்டது. பாலத்தைத் தாண்டி ஒரு தடவை கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதுண்டு. யாரிடம் கேட்பது என்று விட்டுவிட்டேன். இங்கே வந்த பிறகு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடக்கிறேன். சுராயா திட்டுகிறாள்.

அம்மா

---

786

திருச்சி
21-3-1937

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது கமர் ஜஹான் கேட்டாள்: "பரக்கத் அலிங்கிறது யாருங்க, கட்டிடமா, ஆளா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேரனுக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று இன்றுவரை நீங்கள் எழுதவில்லை. நான் சுராயா எழுதித்தான் தெரிந்துகொண்டேன்.

பிள்ளைக்குச் சளி என்றால் ஒரு வாரம். வருகிற வாரம் எந்த நாள் என்று எழுதுங்கள். டிக்கெட்டுக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

சலாம்

---

786

கொழும்பு
31-3-1937

பிரியமுள்ள மகன் சலாமுக்கு,

பேரன் பெயர் முஹம்மது யூசுப். எழுத விட்டுப்போனது என் தப்பு.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துவிட்டு எழுதுகிறேன். நீ தனியாக இருக்கும்போது படி. பிறகு கமர் ஜஹானுக்குக் காட்டு, அவளிடம் மறைக்காதே.

போன ஞாயிறு பரக்கத் அலியின் மோட்டார் படகில் எல்லோரும் துறைமுகத்துக்குள் போனோம். சுராயாவும் பிள்ளையும் மாப்பிள்ளையும் கூட இருந்தார்கள். கரையிலிருந்து நான் ஒவ்வொன்றாகப் பார்த்ததெல்லாம் அங்கிருந்து பார்க்கும்போது ஒன்றாக வந்து நின்றன. ஓட்டல், சுங்கக் கிடங்குகள், கூரைகளுக்கு மேலே வெளிச்சவீடு, இந்தப் பக்கம் சிவப்புப் பள்ளிவாசல். இவ்வளவுதானா ஊர், இதற்குள்ளேயா இத்தனை நாள் சுற்றினேன் என்றிருந்தது. 

அப்போது அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். "இவ்வளவு நாளா பாத்தீங்களே, உங்களுக்கு எது பிடிச்சிருக்குங்க?"

 "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அது இல்லீங்க. உங்களுக்குன்னு ஒண்ணு இருக்கும்ல."

படகு ஒரு பெரிய கப்பலைச் சுற்றி வரும்வரை யோசித்தேன். பிறகு, "வெளிச்சவீடு" என்றேன்.

"ஏன்?"

"நடு ரோட்டுல நின்னுக்கிட்டு எல்லாரையும் சுத்திப் போங்கங்குது. அதான்."

அவர் சிரித்த சிரிப்பில் படகுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அவர் மாப்பிள்ளையிடம் வந்து முறையாகக் கேட்டார். என்னை நிக்காஹ் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். மாப்பிள்ளை சுராயாவிடம் சொல்ல, சுராயா என்னிடம் வந்து, சொல்ல முடியாமல் என் மடியில் பிள்ளையைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள், "உங்களுக்கு இஷ்டம்னா எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள்.

எனக்கு இஷ்டம், சலாம்.

அம்மா

---

786

திருச்சி
6-4-1937

தாயார் அவர்களுக்கு,

கடிதம் கண்டேன். இந்த வயதில், பேரனை மடியில் வைத்துக்கொண்டு, இப்படி எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

அத்தா போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவர் உட்கார்ந்த இடத்தில் நான் இன்னும் உட்காரவில்லை, பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்துதான் வியாபாரம் செய்கிறேன். பெரிய கடை வீதியில் நான் நாளைக்கு எப்படி முகம் காட்டுவது? ஜமாஅத்தில் கேட்டால் என்ன சொல்வது? பிள்ளைப்பேறு பார்க்கப் போன என் தாயார் அங்கே கல்யாணம் செய்துகொண்டார் என்றா?

உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன்? ஒரு சொல் எதிர்த்துப் பேசியிருக்கிறேனா? கேட்பதற்கு முன்னால் எல்லாம் வாங்கி வைத்தேனே. அந்த மனிதருக்கு வயதான காலத்தில் சமைத்துப் போட ஆள் வேண்டும். அதற்குக் கட்டிடம், கதை, படகு. உங்களுக்கு இது புரியவில்லை.

கமர் ஜஹான் ஒரு வார்த்தை சொன்னாள்: "மாமிக்கு அங்கதான் பிடிச்சிருக்குன்னா இருக்கட்டுமே. இங்க வந்தா நாம அவங்களை எங்க கூட்டிட்டுப் போகப் போறோம்?" இன்றோடு நாலு நாளாக அவளோடு நான் பேசவில்லை.

உடனே கிளம்பி வரவும். இல்லையென்றால் எனக்கு எழுதவேண்டாம்.

அப்துல் சலாம்

---

786

கொழும்பு
13-4-1937

என் மகனுக்கு,

எழுதவேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். நீ பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், சாயந்தரம் நீ மணலில் விரலால் எழுத்துப் போடுவாய், நான் முறத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து அதையே போடுவேன். அப்படி உன்னிடம் படித்த எழுத்து இது. அதனால் உன்னைக் கேட்காமலே எழுதுகிறேன்.

நீ எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். உன் அத்தாவும் நல்லவர். ஒரு நாளும் கை ஓங்கியதில்லை, வெளியில் சாப்பிட்டதில்லை. ஆனால் என்னை எதுவும் கேட்டதில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்றுகூட நான் சொல்ல விட்டதில்லை, அவரே சொல்லிவிடுவார். நீயும் அப்படியே நல்லவன். நான் கேட்பதற்கு முன்னால் வாங்கி வைத்துவிடுவாய். என்ன வேண்டும் என்று நான் யோசித்துப் பார்க்கவே எனக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பரக்கத் அலி வீட்டில் சமையலுக்கு ஆள் இருக்கிறது. அந்த ஆள் என்னைவிட நன்றாகச் சமைக்கிறார், அது எனக்குக் கொஞ்சம் வருத்தந்தான். பரக்கத் அலி பொய் சொல்வார், சத்தமாகப் பேசுவார், வெற்றிலைச் சாறு சட்டையில் சிந்தும். அதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். அவர் ஏமாற்றி நான் மயங்கிவிட்டேன் என்று நினைக்காதே.

இங்குள்ள ஹஜ்ரத்திடம் மார்க்கச் சட்டம் என்ன என்று மாப்பிள்ளை மசாயில் கேட்டார். நம் மத்ஹபில் வயது வந்தவள், அதிலும் கணவனை இழந்தவள், தன் நிக்காஹைத் தானே ஒப்புக்கொண்டால் செல்லுமாம். ஆனால் வலீயாக, பெண்ணுக்குப் பொறுப்பாளியாக, ஒருவர் முன்னால் நின்று கொடுப்பதுதான் அழகு, மகன் இருந்தால் அவனுக்குத்தான் முதல் உரிமை என்றார். நீ இல்லாமலும் நடக்கும் என்கிறது மார்க்கம். நீ இல்லாமல் நடத்த எனக்கு மனசில்லை. இந்த மாதக் கடைசியில் வைக்கலாம் என்று அவர்கள் சொன்னார்கள். நான் தள்ளி வைத்திருக்கிறேன்.

கமர் ஜஹானோடு பேசு. அவள் மேல் கோபம் எதற்கு?

அம்மா

---

786

கொழும்பு
6-5-1937

சலாமுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் தெருவில் திரும்புவதை மாடியிலிருந்தே பார்த்துவிடுவேன். அவர் இப்போதெல்லாம் தலையை நிமிர்த்தாமல் போகிறார்.

அடுத்த வாரம் ராஜாவுக்கு முடிசூட்டு விழாவாம். கொழும்பு முழுக்கப் பல்பு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். சபைக் கட்டிடத்தில் தூணுக்குத் தூண், துறைமுக வாசலில், ஓட்டலில், எல்லா இடத்திலும் ஏணியும் ஆளும். வெளிச்சவீட்டைச் சுற்றிச் சாரம் மாதிரி ஏதோ கட்டியிருக்கிறார்கள். போய்ப் பார்த்துவிட்டு உடனே திரும்பிவிட்டேன். எதிலும் கண் நிற்கவில்லை.

நிக்காஹ் இந்த மாதம் 21-ம் தேதி வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, சுராயா வீட்டு மாடியில். இனிமேல் தள்ளிப் போடமாட்டேன். நீ வந்தால் நீ கொடு. வராவிட்டால் நானே சொல்லிக்கொள்வேன்.

வந்தாலும் வராவிட்டாலும் நீ என் பிள்ளை.

அம்மா

---

786

திருச்சி
23-5-1937

அம்மா,

இது வந்து சேரும்போது எல்லாம் முடிந்து நாளாகியிருக்கும்.

புதன்கிழமை விடியற்காலை போட் மெயிலில் ஏறினேன். சரக்கு எடுக்க மதுரைக்குப் போகிறேன் என்று கமர் ஜஹானிடம் சொல்லியிருந்தேன். மானாமதுரை தாண்டிப் பெட்டியைத் திறந்தால், மேலாக என் கல்யாணக் கோட்டும் துருக்கித் தொப்பியும் மடித்து வைத்திருந்தது. அடியில் யூசுபுக்குத் தைத்த சட்டைகள். அவள்தான் எடுத்து வைத்திருக்கிறாள்.

மண்டபம் முகாமில் காய்ச்சல், அம்மை இருக்கிறதா என்று டாக்டர் பார்த்து விட்டுவிட்டார். தனுஷ்கோடியில் கப்பலுக்கு வரிசை நின்றது. மேஜைக்குப் பின்னால் ஓர் ஆபீசர். "பேரு? ஊரு?" என்றார். சொன்னேன்.

"எதுக்குக் கொழும்பு போறீங்க?"

"கல்யாணத்துக்கு."

"யாருக்குக் கல்யாணம்? தங்கச்சிக்கா?"

எனக்கு வாய் திறக்கவில்லை, அம்மா. "சொல்லுங்க பாய், பின்னால எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க" என்றார். அவர் கேட்டது சாதாரணமாகத்தான். எனக்குத்தான் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லி வரிசையை விட்டு ஒதுங்கினேன். பின்னால் நின்றவர்கள் என்னைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கப்பல் ஊதியது. பலகையை எடுத்துவிட்டார்கள். நான் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன். அது புள்ளியாகிப் போன பிறகும் நின்றேன். ஒரு போர்ட்டர் வந்து, "கப்பலை விட்டுட்டீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

திரும்பி வந்து கமர் ஜஹானிடம் உள்ளதைச் சொன்னேன். அவள் கோட்டை எடுத்து உதறிக் கொடியில் போட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "சாப்பிட வாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை அஸருக்குக் கடையைச் சாத்திவிட்டுப் பள்ளிக்குப் போனேன். தொழுகை முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள், நான் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் அங்கே மாடியில் பாய் விரித்திருப்பார்கள், ஹஜ்ரத் வந்திருப்பார் என்று தெரியும். வலீ சொல்லவேண்டிய வார்த்தைகளை என் நிக்காஹின்போது கமர் ஜஹானின் அத்தா சொன்னது ஞாபகம் இருந்தது. அதையே உதட்டுக்குள் சொன்னேன். உங்கள் பெயரைச் சொன்னேன். அவர் பெயரையும் சொன்னேன். யார் காதிலும் விழவில்லை. அது செல்லுமா செல்லாதா என்று நான் எந்த ஹஜ்ரத்திடமும் கேட்கப்போவதில்லை.

வீட்டுக்கு வந்தால் நெய்ச்சோறு மணத்தது. "மாமிக்கு இன்னைக்குத்தானே" என்றாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஆடியில் கடையில் வியாபாரம் இருக்காது. அப்போது கமர் ஜஹானை அழைத்துக்கொண்டு வருகிறேன். அந்த ஆபீசர் மறுபடியும் கேட்பார். அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்று சொல்லிவிடுவேன்.

ஒன்றுதான் யோசித்து யோசித்துத் தெரியவில்லை. உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது அவரை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அத்தா என்று எனக்கு வராது. பெயர் சொல்லவும் முடியாது. அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

சலாம்